சூடம் எரியும்போது எஞ்சின் ஓடக்கூடாது

1

ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் நான் இந்த நாட்டில் வந்து இறங்கினேன். அதனால் ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்து பொரியைக் கொறிக்கும்போது என் மனைவி காந்திமதி, "நாளைக்கு நீங்க வந்த நாளுங்க" என்று நினைவுபடுத்துவாள். பிறந்த நாளைச் சொல்கிற மாதிரி சொல்லுவாள். போன பூஜைக்குச் சொல்லவில்லை. அன்று காலையில் எங்கள் மகளின் கார், ஆக்லாந்தில் எங்கள் வீட்டு வாசலில், நசுங்கின எலுமிச்சம்பழங்களின் மேல் செத்துப்போய் நின்றது. அதைக் கொன்றவன் நான். அந்த மாதிரி வண்டிகளை உயிர்ப்பிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

மகள் அந்தக் காரில்தான் அன்றைக்கு வீட்டைவிட்டுப் போவதாக இருந்தது. தெற்குத் தீவில், டனீடன் என்கிற ஊரில், ஆஸ்பத்திரி மிஷின்களைப் பராமரிக்கிற வேலை. இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்டி, வண்டியோடு கப்பலில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஓட்ட வேண்டும். எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போக அவள் ஒத்துக்கொண்டது அதிகம் இல்லை. அம்மா திரித்து வைத்த இட்லிப்பொடி வேண்டாம். குத்துவிளக்கு வேண்டாம். பெயர்கூட முழுசாக வேண்டாம். குலசாமி பெயரை வைத்து இசக்கியம்மாள் என்று கூப்பிட்டோம். பள்ளிக்கூடத்தில் அது இஸ்ஸி ஆனது, அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காரின் எஞ்சினில் நான் என் கையால் பொருத்திக்கொடுத்த, பெட்ரோலை அளந்து தெளிக்கிற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், அந்த ஒன்றைத்தான் அவள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அது அவளோடு ஓடிப் போய்ச் சேர வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

2

தச்சநல்லூரில் என் அண்ணன் சங்கரபாண்டியனின் ஒர்க்‌ஷாப்பில் நான் கற்றுக்கொண்டது கார்புரேட்டர். பழைய பெட்ரோல் வண்டிகளில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகிற தொண்டை அது. எஞ்சின் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் ஒரு சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் சீறி வரும். துளையில் தூசி அடைத்தால் வண்டி நிற்கும். எங்கள் பக்கத்து ரோடுகளில் தூசிக்கு என்ன குறைச்சல்? அந்தத் துளையில் வாயை வைத்து ஊதி, பெட்ரோலைத் துப்பி, மறுபடியும் ஊதியே என் இளமை போனது. குறுக்குத்துறையில் ஆற்றில் எவ்வளவு நேரம் முங்கிக் கிடந்தாலும் கையில் அந்த வாடை போகாது. பெண் பார்க்கப் போன வீட்டில் காந்திமதியின் அம்மா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு மலை ஏறி இறங்கின வாடகைக் கார்கள் இருமிக்கொண்டே எங்களிடம் வரும். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கல்லிடைக்குறிச்சியில் கொடுத்த அதே பெட்ரோலை மலைமேலும் கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக் எல்லாம் கரி. அதைச் சுரண்டுவது என் வேலை. எந்த உயரத்தில் இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு சாமானோடு ஆயுசைக் கழிக்கக்கூடாது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஊரை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் ஓடி வந்தவன்.

ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். ஒரு வருஷம், ஒரு டாக்சியின் பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டபடியே அண்ணன் சூடத்தட்டைச் சுற்றினார். காற்று வடிகட்டியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தோம். கார்புரேட்டர் ஒரு தடவை இருமியது. குப்பென்று தீ. அண்ணனுக்கு மீசையில் ஒரு பக்கமும் ஒரு புருவமும் போயின. தெருவே சிரித்தது. அரை மீசையோடு நின்றபடி அவர் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்.

"ஏலே, இனிமே எவனா இருந்தாலும் சரி, சூடம் எரியும்போது எஞ்சின் ஓடக்கூடாது. எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனியா, சாவியத் திருப்பி அணைச்சியா, பொறவுதான் சூடம். கேட்டியா?"

கேட்டேன். பழத்தின் மேல் வண்டியை ஏற்றி அணைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. வருஷா வருஷம், வண்டி வண்டியாக ஏற்றினேன், அணைத்தேன். அந்தச் சட்டம் என் மண்டையில் இல்லை, மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அது எனக்கு அப்போது தெரியாது.

3

இங்கே வந்ததும் என் ஐ.டி.ஐ. சான்றிதழையும் அண்ணன் எழுதிக்கொடுத்த அனுபவக் கடிதத்தையும் எடைபோட்டுப் பார்க்க ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் திரும்பக் கேட்டார்கள்: உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரின் தகுதி என்ன? அண்ணனின் தகுதி அரை மீசை என்று எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் தகுதி ஒன்றும் இல்லை என்று ஆனது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்தவர்களோடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

சேர்ந்த கராஜில் அப்போதும் சில பழைய கார்புரேட்டர் வண்டிகள் வரும். தெரிந்த விஷயமாயிற்றே என்று முன்னால் போய் நின்றேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பெட்ரோல் ஜாஸ்தி, மூச்சுத் திணறுகிறது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். "வண்டிக்கு ஆஸ்துமாவா?" என்றான் ஒருவன். அதிலிருந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எவனாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துக் காட்டுவான். நான் சொன்னது சரி. ஆனால் கார்புரேட்டரில் சரி என்பதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு பேர் காதைக் கொடுத்துக் கேட்டு இரண்டு விதமாகச் சொன்னால், இங்கே பிறந்தவன் காதுதான் காது.

இன்ஜெக்‌ஷன் அப்படி இல்லை. காற்று எவ்வளவு வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, புகையில் என்ன மிச்சம் என்று கம்பிகள் போய்ச் சொல்லும். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த அளவு பெட்ரோலைத் தெளிக்கும். லேப்டாப்பை மாட்டினால் எல்லாமே எண்ணாக வந்து நிற்கும். எண்ணுக்கு உச்சரிப்பு கிடையாது. அதை எவனும் இழுத்துக் காட்ட முடியாது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து வகுப்புக்குப் போனேன், மற்றவர்கள் பீர் குடிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு அந்த கராஜில் இன்ஜெக்‌ஷன் என்றால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஆஸ்துமாக்காரன் இப்போது என்னிடம் சந்தேகம் கேட்கிறான். பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறேன், சிரிப்பதில்லை. நான் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனிக்கிறானா என்று மட்டும் பார்க்கிறேன்.

கார்புரேட்டர் என்ற சொல்லை அதற்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு என் வீட்டில் நான் உச்சரித்ததில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

4

இஸ்ஸி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. சாவி எங்கே, வைஃபை ஏன் வரவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன். நாங்கள் தமிழில் கேட்போம்; பதில் ஆங்கிலத்தில் வரும். ஒரு கட்டத்தில் நாங்களும் ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தோம். பதில் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஆங்கிலத்தைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன். காந்திமதி அப்படி இல்லை என்பாள். அவள் எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்கிறவள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் இழுவை வண்டியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஜப்பான் கார், அவளைவிட வயசு ஜாஸ்தி, கதவில் துரு. பானெட்டைத் திறந்தாள். ரோட்டரி எஞ்சின். அதன் தலையில், பெரிதாக, பளபளவென்று ஒரு கார்புரேட்டர். நான் கடலைத் தாண்டி வந்தால், அது என் மகளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ரோட்டரியை ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. ஒரு கூட்டுக்குள் முக்கோணமாக ஒரு இரும்பு, ஆட்டுரலில் குழவி உருளுகிற மாதிரி, சுவரை ஒட்டியே சுற்றும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை வைத்து, எண்ணெய்ப் பசையில் காற்றுப் போகாமல் அடைத்திருப்பார்கள். கைக்கு அடக்கமான எஞ்சின், பிசாசு வேகம், பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். இங்கே இதற்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது. கார்புரேட்டர் போட்ட ரோட்டரி சும்மா நிற்கும்போது பிராப், பிராப், பிராப் என்று விட்டுவிட்டு அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கிறதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வாகன நிறுத்தத்தில் கூடி நிற்பார்கள், நாதஸ்வரக் கச்சேரிக்கு நிற்கிற மாதிரி.

"ஏட்டி, இதுக்கு எதுக்கு கார்புரேட்டர்? இன்ஜெக்‌ஷன் போட்டா பெட்ரோல் மிச்சம், குளிர்ல ஒரே சாவிக்கு எழும்பும்லா" என்றேன்.

"வேண்டாம்ப்பா. இதுக்கு உயிர் இருக்கு. கம்ப்யூட்டர் வெச்சா வாஷிங் மெஷின் ஆயிடும்." காரைப் பற்றி என்றால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும்.

கிளைவ் என்று இங்கத்திய கிழவர் ஒருவர், கார்புரேட்டர் வித்தகராம். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லித் தருவாள். ரோட்டில் நின்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், சரிசெய்துவிடலாமாம். இன்ஜெக்‌ஷனில் ஒரு கம்பி அறுந்தால் இழுவை வண்டிதானாம். அது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலும் சொன்னாள்: "காது கொடுத்துக் கேக்கணும்ப்பா. ஸ்க்ரீனைப் பாக்குறவங்களுக்கு இது புரியாதுன்னு கிளைவ் சொல்றார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏளா, உங்க அப்பன் கார்புரேட்டர்ல பெட்ரோலக் குடிச்சு வளந்தவன்."

அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "நிஜமாவா? நீங்க லேப்டாப் ஆள்னுதான் நினைச்சேன்."

பெற்ற மகளுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கிளைவின் காதை அவள் நம்பினாள். என்னிடமும் காது இருக்கிறது என்பதே அவளுக்குச் செய்தியாக இருந்தது.

பிறகு டனீடன் வேலை கிடைத்தது. பழக்கத்துக்காக ஒருநாள் வண்டியை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனவள் பாதி ஏற்றத்தில் நின்றுபோனாள். கரி, இருமல், எல்லாம் மாஞ்சோலைக் கதைதான். அவள் கிளைவைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டாள். திரும்பி வரும் வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரிப்பா. போடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் வந்த சனி ஞாயிறுகள்தான் இந்த நாட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன், அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பைய முறுக்குட்டி, பைய" என்பேன். கொஞ்ச நாளில் அவளே "பைய, அப்பா, பைய" என்று எனக்குச் சொன்னாள். தச்சநல்லூரைப் பற்றிக் கேட்டாள். பெரியப்பாவின் அரை மீசைக் கதையைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழற்றிய கார்புரேட்டரைக் காந்திமதியின் பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்தோம். வண்டியை மாற்றியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். பரிசோதகர் கம்பி கம்பியாகப் பார்த்துவிட்டு, யார் செய்த வேலை என்று கேட்டார். "என் அப்பா" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். ஆவுடையப்பன் என்ற பெயரை அவருக்கு எழுத்துக்கூட்டியதும் அவள்தான், அதுவும் கூச்சப்படாமல்.

ஒரே ஒரு விஷயத்தை அவளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். ரோட்டரியைக் குளிர்ந்த நிலையில் கிளப்பி, நாலு அடி நகர்த்தி, உடனே அணைத்துவிடக்கூடாது. குளிரில் எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போகும். சூடேறுவதற்கு முன்னால் அணைத்தால் அந்தப் பெட்ரோல் உள்ளேயே தேங்கி, முனைப் பட்டைகளில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும். பிறகு காற்று ஒழுகும், அழுத்தம் வராது, எஞ்சின் பிடிக்காது; சாவியைத் திருப்பத் திருப்ப இன்னும் பெட்ரோல் கொட்டும். கார்புரேட்டரானால், குளிருக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை நாமே பார்த்து அடக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் தன் கணக்குப்படி ஊற்றிவிடும். என்னிடம் வருகிற ரோட்டரிக்காரர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

5

பூஜை அன்று விடிந்ததும் மெரே தன் வேனோடு வந்துவிட்டாள். இஸ்ஸியின் சிநேகிதி, அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கும் வேலை. வேனில் கட்டில், மேஜை எல்லாம் ஏற்றியாயிற்று. இரண்டு வண்டியும் ஒன்றாகப் போய் சாயங்காலக் கப்பலைப் பிடிப்பதாக ஏற்பாடு.

காந்திமதி எங்கள் மரத்திலிருந்தே எலுமிச்சம்பழம் பறித்து வைத்திருந்தாள். "பிள்ள அவ்ளோ தூரம் போவுது. பூஜையும் அதுவுமா பழம் வைக்காம எப்படிங்க?"

இஸ்ஸி சிரித்தாள். "வெச்சுக்கோம்மா. ஆனா எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். ஆஃப் பண்ணக்கூடாது, ஓகே?" அவள் அதைத் தெளிவாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

பழத்தின் மேல் அப்பாதான் ஏற்ற வேண்டும் என்று காந்திமதி சொன்னதால் நான் உட்கார்ந்தேன். இஸ்ஸி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே சாவி. எஞ்சின் எழும்பியது, குளிரில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. என் பிழைப்பே அந்தச் சத்தத்தில் இருந்தது. பைய முன்னால் நகர்த்தினேன். சக்கரத்துக்கு அடியில் பழங்கள் சத்தமில்லாமல் உடைந்தன. காந்திமதி தட்டில் சூடத்தைப் பற்றவைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்தாள். தீயைப் பார்த்தேன்.

என் கை சாவியைத் திருப்பியது.

யோசித்தெல்லாம் செய்யவில்லை. வண்டி ஓய்ந்தது. இஸ்ஸியின் போன் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. "அப்பா, நோ" என்றாள்.

காந்திமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சூடத்தைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் எங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, ஆனால் உள்ளே அந்தத் துடிப்பு இல்லை. வெறும் மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். பதற்றத்தில் இஸ்ஸியும் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் வாடை தெருவரைக்கும் வந்தது. போதும் என்று நிறுத்தி, இன்ஜெக்டரின் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தேன். அதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. இன்னொரு வண்டியிலிருந்து சார்ஜ் எடுக்கிற கேபிள் கராஜில் கிடக்கிறது. இரவல் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார்.

"ஒரு மணி நேரம் குடும்மா. முடிச்சிருதேன்" என்றேன்.

மெரே கடிகாரத்தைப் பார்த்தாள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

"எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னது என் தப்புதான்" என்று காந்திமதி அழ ஆரம்பித்தாள். "யார் தப்பும் இல்லம்மா" என்றாள் இஸ்ஸி. என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல், "ஏன்ப்பா ஆஃப் பண்ணீங்க? நீங்கதானே சொல்வீங்க, பண்ணக்கூடாதுன்னு?" என்று கேட்டாள்.

"சூடம் எரிஞ்சுதுல்லா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அரை மீசைக் கதைக்குத் தரையில் உட்கார்ந்து சிரித்தவள், அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எந்த மொழியில் சொன்னாலும் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெளியாளிடம் நடந்துகொள்கிற மாதிரி மரியாதையாக இருந்தாள். காரிலிருந்து பைகளை எடுத்து வேனில் வைத்தாள். "கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து எடுத்துக்கறேன்ப்பா. அதுவரைக்கும் பாத்துக்கோங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். என் கையெல்லாம் பெட்ரோல். அவள் சட்டையில் படாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காந்திமதி அணைந்த சூடத்தட்டோடு நின்றாள்.

6

மத்தியானத்துக்குள் வண்டியைச் சரிசெய்துவிட்டேன். பிளக்குகளைத் துடைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, புது பேட்டரி வைத்துச் சுற்றினால் ஒரு கொத்து நீலப்புகையோடு எழும்பிவிட்டது. அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

அண்ணனுக்கு வீடியோவில் பேசி நடந்ததைச் சொன்னேன். அவர் ஒருவருக்காவது இது புரியும் என்று நினைத்தேன். இப்போது முழு மீசை, முழு நரை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏலே ஆவுடை, இன்னமுமா சூடத்துக்கு வண்டிய அணைக்கே? அதெல்லாம் நாங்க எப்பமோ விட்டாச்சு லே. இப்பம் இங்கன வாரது பூராம் இன்ஜெக்‌ஷன் வண்டிதான. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு கெடக்கும், நாங்க சூடத்தக் காட்டிட்டுப் போயிட்டே இருப்போம்."

"நீங்கதான அண்ணே சொன்னிய?"

"நான் சொன்னது எந்தக் காலம்! நீ என்னடான்னா அத வெளிநாட்டுல கொண்டுபோயி வச்சு காப்பாத்திக்கிட்டு இருக்கே."

அப்புறம் ஊர்ப் பேச்சு. எஸ்டேட்டை மூடுவதால் மாஞ்சோலையில் இருந்து தொழிலாளிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்களாம். முன்பு நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துபோன ஒருவர் கீழே வந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாராம். "எந்த ஊருன்னு கேட்டா முழிக்காரு லே, பாவம்" என்றார் அண்ணன். நான் பேச்சை முடித்துக்கொண்டேன்.

ஓடி வந்தவன் என்று மேலே பெருமையாக எழுதினேன் அல்லவா? நான் விட்டுவிட்டு ஓடி வந்ததை அங்கே இருப்பவர்களே விட்டுவிட்டார்கள். உலகத்தில் என் ஒருவன் கையில்தான் அது மிச்சம் இருந்திருக்கிறது. அதுவும் என் மகள் வண்டியில் கால் வைக்கிற நேரமாகப் பார்த்து வெளியே வந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை. புது இடம், லீவு கிடைக்கவில்லை. வாரா வாரம் வண்டியைக் கிளப்பி, முழுக்கச் சூடேறுகிற வரைக்கும் ஓட்டி, கொண்டுவந்து நிறுத்துவேன். பொங்கல் கழிந்து ஒருநாள் கூப்பிட்டாள். நன்றாகத்தான் பேசினாள். அங்கே ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டாளாம்.

"அதை வித்துடுங்கப்பா. அப்புறம்... அந்தப் பழைய கார்புரேட்டர் இருக்குல்ல? அதையே போட்டுட்டு வித்தா ஈஸியா போயிடும். அந்த ஆளுங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"அப்பம் இன்ஜெக்‌ஷன்?"

"அதை நீங்களே வெச்சுக்கோங்க. வேற எதுலயாவது யூஸ் பண்ணிக்கலாம்ல?"

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நியாயமான யோசனைதான். போனை வைத்துவிட்டு நான் நெடுநேரம் கார் நிற்கிற ஷெட்டில் போய் நின்றேன். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட ஒரு காரணமும் அகப்படாததால் அது இன்னும் அதிகமானது.

கழற்றினேன். விளக்கைப் பிடிக்க ஆள் இல்லாததால் தலையில் மாட்டுகிற விளக்கு ஒன்று வாங்கிக்கொண்டேன். கம்பிகள், இன்ஜெக்டர்கள், கம்ப்யூட்டர் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயின. சேலையைப் பிரித்துக் கார்புரேட்டரை எடுத்தபோது ஒரு துளை அடைத்திருந்தது. ஊதுவதற்கு கராஜில் காற்று மிஷின் இருக்கிறது. நான் வாயை வைத்து ஊதினேன். பழைய ருசிதான், ஒன்றும் மாறவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது காந்திமதி சோற்றைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

சான்றிதழை மறுபடியும் மாற்ற வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் கார்புரேட்டரில் இருந்து இன்ஜெக்‌ஷனுக்குத்தான் வருவார்கள். திரும்பிப் போகிற முதல் ஆள் நீங்கள்தான்" என்றாள் சிரித்துக்கொண்டே. காரணத்தை எழுத வேண்டுமாம். விற்பனை என்று எழுதினேன்.

வாங்க வந்தவன் என் வயசுக்காரன். இந்தப் பக்கத்துக் கடலில் இருக்கிற சின்னத் தீவுகளில் ஏதோ ஒன்றிலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவன், நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு. வாலிபத்தில் இருந்தே இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று ஆசையாம். பானெட்டைத் திறந்ததும் கார்புரேட்டரைப் பார்த்துக் கும்பிடாத குறை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிவிட்டு உடனே அணைக்கக்கூடாது, கார்புரேட்டர் என்றாலும் ரோட்டரி ரோட்டரிதான் என்று சொன்னேன். தெரியும், தெரியும் என்று தலையை ஆட்டினான். நானும் அன்றைக்கு அப்படித்தான் ஆட்டினேன்.

அவன் உட்கார்ந்து சோக்கை இழுத்துக் கிளப்பினான். பிராப், பிராப், பிராப் என்று தெருவே அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காந்திமதி வாசலுக்கு வந்தாள், கையில் எலுமிச்சம்பழமும் தட்டில் சூடமும்.

"யாரு கொண்டுபோனா என்னங்க. பிள்ள ஓட்டுன வண்டி" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். நல்லபடியாகப் போய்ச் சேருவதற்கு என்றேன். சந்தோஷமாகத் தலையசைத்து வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றினான். காந்திமதி சூடத்தைப் பற்றவைத்து முன்னால் வந்தாள். அவனும் சாமி பயம் உள்ளவன்தான் போலிருக்கிறது. பிரார்த்தனை நேரத்தில் இவ்வளவு சத்தம் மரியாதை இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சாவியின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"ஏலே! அணைக்காத லே!"

என் குரல்தான். தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப்பில் கடைசியாக அப்படிக் கத்தியிருப்பேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் போலீசைப் பார்த்தவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காந்திமதி சூடத்தைச் சுற்றினாள். அவன் எங்கள் இருவருக்கும் கையசைத்துவிட்டுப் போனான். சிக்னல் தாண்டுகிற வரைக்கும் சத்தம் கேட்டது.

காந்திமதி சூடத்தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தச் சத்தத்த அன்னைக்கே போட்டிருக்கலாம்லாங்க?"

யாரைப் பார்த்துப் போட? அன்றைக்குச் சாவி என் கையில்தான் இருந்தது.